ஆறுமுகத்தாயின் தோளும் கொம்பையாவின் ஆராய்ச்சியும்

மனைவியின் ஓர் எலும்புக்காக ஒரு கணவர் இத்தனை பாடுபட்ட செய்தி, மனிதகுல வரலாற்றில் கோவில்பட்டிக்கு முன்னால் வேறெந்த ஊரிலும் பதிவானதில்லை. பதிவாகியிருந்தால் ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் கொம்பையா அதைத் தன் போனில் தேடிப் பிடித்திருப்பார். அதற்கு எத்தனை பேர் எத்தனை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் பார்த்துச் சொல்லியிருப்பார்.

எதையும் 'ஆராயாமல்' வாங்குவதில்லை என்பது அவருடைய கொள்கை. மிக்சி வாங்குவது பற்றிய ஆராய்ச்சி முடிவதற்குள் அவர் மனைவி ஆறுமுகத்தாய் அம்மியில் அரைத்தே மூத்த மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டாள். சித்திரை வெயிலில் தொடங்கிய மின்விசிறி ஆராய்ச்சி, கார்த்திகை மழையில் ஒரு விசிறியாக வீடு வந்து சேர்ந்தது. கொம்பையாவைக் கடைக்காரன் எவனும் ஏமாற்ற முடியாது என்று எங்கள் ஊரில் அவருக்குப் பெயர். ஏமாற்றுவதற்கு அவர் கடையில் எதையாவது வாங்கியாக வேண்டும் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

அன்றைக்குக் கடம்பூரில் ஒரு கல்யாணம். சாப்பிட்டு முடித்து, போளியும் வாங்கிக்கொண்டு தம்பதியர் ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று கொம்பையா பின்னால் இருந்த மனைவிக்கு விளக்கிக்கொண்டு வந்தார். வழியில் ஒரு வேகத்தடை. ஸ்கூட்டர் அதைத் தாண்டியது. கொம்பையாவும் தாண்டினார். மடியில் போளிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்த ஆறுமுகத்தாய் மட்டும் தாண்டவில்லை.

மனைவி பதில் பேசாமல் வருவது வழக்கம் என்பதால் அவருக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை. நைட்ரஜன் காற்றா, சாதாக் காற்றா என்ற முக்கியமான கட்டத்தில் "கேக்குதாட்டி?" என்று திரும்பினார். சீட்டில் ஆள் இல்லை.

பதறியடித்துக்கொண்டு வந்த வழியே ஓட்டினார். ரோட்டோரக் கரிசல் மண்ணில் ஆறுமுகத்தாய் உட்கார்ந்திருந்தாள். இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"காத்தப் பத்திச் சொல்லி முடிச்சாச்சா?" என்று கேட்டாள்.

கொம்பையா அழுதார். நடுரோட்டில், போகிற பஸ் எல்லாம் பார்க்க அழுதார். அது நிஜமான அழுகை. பார்க்காமல் ஓட்டித்தானே இவளைக் கீழே தள்ளினோம், இனிமேல் எதையும் பார்க்காமல் செய்வதில்லை என்று அங்கேயே அவர் ஒரு சபதம் எடுத்துக்கொண்டார். பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தச் சபதமே காரணம்.

எலும்பு டாக்டர் வனிதா படம் எடுத்துப் பார்த்தார்.

"கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல இருக்கிற காறை எலும்பு முறிஞ்சிருக்கும்மா. நல்லவேளை, விலகல. கையைத் தொட்டில்ல போட்ட மாதிரி ஸ்லிங்ல போட்டு அசைக்காம வச்சிருந்தா தானா சேர்ந்துரும். வேலை பாத்தா விலகிரும், அப்புறம் ஆபரேஷன்தான். சார், கீழ மெடிக்கல்ல ஒரு ஆர்ம் ஸ்லிங் வாங்கிட்டு வாங்க, நானே மாட்டி விடுறேன்."

மருந்துக்கடையில் ஓர் ஆணியில் நீலநிறப் பை தொங்கியது. கொம்பையா அதைத் தடவிப் பார்த்தார்.

"இதுல எத்தனை வகை இருக்கு?"

"ஒரே வகைதான் அண்ணாச்சி. பையில கையை விடணும், வாரைக் கழுத்துல மாட்டணும். அம்புட்டுதான்."

ஒரே வகை. பெற்ற பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கிறவன், முதலில் வந்த பையனுக்கே கொடுத்துவிடுவானா? கொம்பையா வெறுங்கையோடு மாடியேறினார்.

"நல்லதாப் பாத்து வரவழைக்குதேன் டாக்டர்."

"சீக்கிரம் வரவழைங்க. அதுவரைக்கும் இது தாங்கும்" என்று டாக்டர் ஒரு துணிக்கட்டுப் போட்டு அனுப்பினார். வீட்டுக்கு வந்த பிறகு அது தளர்ந்தது. ஆறுமுகத்தாய் ஒரு பழைய துண்டைக் கிழித்துக் கழுத்தில் கட்டிக் கையை அதில் வைத்துக்கொண்டாள்.

மறுநாளே முன்னறையில் 'ஆலோசனைக் கூட்டம்' கூடியது. தலைவர் கொம்பையா. உறுப்பினர், பக்கத்து வீட்டு மாயகிருஷ்ணன். இவர் கொம்பையாவோடு தினமும் காலையில் நடப்பவர் என்பதால் உடல்நலம் சம்பந்தப்பட்ட விஷயங்களில் நிபுணராகக் கருதப்பட்டார். கையை மட்டும் தாங்கும் பை, இடுப்போடு சேர்த்துக் கட்டும் பெல்ட், முதுகில் எட்டுப்போல் மாட்டும் வார் ஆகிய மூன்றும் போனில் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன.

"அண்ணாச்சி, இதுக்கு ஒருத்தர் ஒத்த நட்சத்திரம் குடுத்திருக்காரு. படத்துல பாத்த நிறம் நேர்ல இல்லைங்காரு" என்றார் மாயகிருஷ்ணன்.

"எலும்பு சேந்துச்சா, அதைச் சொல்லுதாரா?"

"அதைப் பத்தி ஒண்ணும் காணல."

"அப்ப வேண்டாம். நிறத்துலயே ஏமாத்துதவன் எலும்புல சும்மா விடுவானா?"

காபி வந்தது. துண்டுக்குள் இருக்க வேண்டிய கை அந்தத் தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்திருந்தது. கூட்டத்தின் கவனம் நட்சத்திரங்களில் இருந்ததால் அது குறிப்பில் ஏறவில்லை.

"நெஞ்சளவு கேக்குதான் அண்ணாச்சி. மதினிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

கொம்பையா எட்டிப் பார்த்தார். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் அது கோயில் கொடை மாதிரி, எப்போதாவதுதான் வரும். வந்தால் வீட்டிலுள்ள குடம், வாளி, அண்டா எல்லாம் நிறைந்தாக வேண்டும். ஆறுமுகத்தாய் குடத்தைத் தூக்கிக்கொண்டிருந்தாள். வேலையாக இருப்பவளைத் தொந்தரவு செய்ய அவருக்கு மனம் வரவில்லை.

"என் அளவையே போடும். ஒரே பானைச் சோத்தைத்தான ரெண்டு பேரும் திங்கோம்."

பார்சல்கள் ஒவ்வொன்றாக வந்தன. இப்போது ஒரு நெறிமுறைச் சிக்கல் எழுந்தது. இவற்றைச் சோதிப்பது யார் மேல்? முறிந்த தோளில் சோதனை செய்ய மனச்சாட்சியுள்ள எந்தக் கணவன் துணிவான்? கொம்பையா துணியவில்லை. முதல் பையை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டி, ஒரு குறையும் இல்லாத தன் வலது கையை அதற்குள் வைத்தார். ஆகா, எவ்வளவு சுகம். பிறந்ததிலிருந்து இந்தக் கையை நாமே சுமந்து திரிந்திருக்கிறோமே என்று அவருக்குத் தோன்றியது.

சோதனை என்றால் முழுச் சோதனை. சிலிண்டர்க்காரன் வாசலில் வைத்துவிட்டுப் போன சிலிண்டரை அவர் தொடவில்லை. கையை வெளியே எடுத்தால் முடிவுகள் பிசகிவிடும். ஆறுமுகத்தாய் அதை உருட்டிக்கொண்டு போனாள். கொல்லையில் நின்ற ஆடுகளுக்கு வேப்பங்குழையை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டதும் அவள்தான்.

பையும் கையுமாக வாசலில் உட்கார்ந்திருந்த கொம்பையாவைத் தெரு பார்த்தது. கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்துவிட்டாராம் என்று பேச்சு பரவியது. எங்கள் ஊர் மற்றதில் எப்படியோ, விசாரிக்கப் போவதில் ஒரு குறை வைக்காது. ஆரஞ்சும் ஆர்லிக்சுமாக நாங்கள் எல்லோரும் போய்விட்டோம்.

"எனக்கு ஒண்ணுமில்ல" என்று கொம்பையா முதலில் உண்மையைத்தான் சொன்னார்.

"பெரிய மனுசன்லா, வலியை வெளிய காட்டமாட்டாரு" என்று எல்லோரும் நெகிழ்ந்தார்கள்.

இன்னும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். நெகிழ்ச்சி கூடியதே தவிர குறையவில்லை. அதற்குமேல் மறுப்பது வந்தவர்களை அவமதிப்பது போலாகும் என்று விட்டுவிட்டார். 'ஏலே கொம்பையா, உனக்குக் கூச்சமே இல்லையால' என்று அவர் மனம் கேட்காமல் இல்லை. கேட்டது, நன்றாகவே கேட்டது. ஆனால் அப்போது பார்த்து ஆரஞ்சு உரிக்க வேண்டியிருந்தது. ஒற்றைக் கையால் ஆரஞ்சு உரிக்க முடியாது என்பதால் ஆறுமுகத்தாயைக் கூப்பிட்டார்.

வந்தவர்களுக்கெல்லாம் காபி போனது. சர்க்கரை இல்லாமல் ஒன்று, டிகாக்சன் தூக்கலாக ஒன்று என்று நாங்கள் கேட்டதும் கிடைத்தது.

"மதினி, அண்ணாச்சியைக் கொஞ்சம் கவனமாப் பாத்துக்கிடுங்க" என்றார் மாயகிருஷ்ணன், ஆலோசனைக் கூட்டத்தில் உட்கார்ந்தவரே, வழக்க தோஷத்தில்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் அவள்.

ஒருநாள் சாயங்காலம் ஆறுமுகத்தாய் கேட்டாள். "அந்தப் பை எனக்கு எப்பங்க வரும்?"

"முடிவு வரட்டும்ட்டி. ஒண்ணு கழுத்துல உறுத்துது. இன்னொண்ணு உள்ள வேர்க்குது. எட்டு வார் மாட்டுனா எனக்கே மூச்சு முட்டுது. இதையெல்லாம் உன் தலையில கட்டுனா நீ தாங்குவியா?"

"துண்டு நழுவுதுங்க. ராத்திரி புரண்டா உள்ள நறநறங்கு."

"அதான் சொல்லுதேன், துண்டை நம்பக்கூடாது. துண்டுக்கு ஒத்த நட்சத்திரம்கூடக் கிடையாது."

அவளுடைய முகத்தை அவர் அப்போது நிமிர்ந்து பார்த்திருந்தால் பல விஷயம் தெரிந்திருக்கும். பார்சலில் வந்த விளக்கத்தாளைப் படித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் வரச்சொன்ன நாளில் தேர்வு முடிந்தே விட்டது. இடுப்போடு சேர்த்துக் கட்டும் பெல்ட் முதலிடம் பெற்றது. மாட்டும் முறையை டாக்டருக்கு விளக்க வசதியாக இருக்கட்டும் என்று கொம்பையா அதைப் போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனார். ஸ்கூட்டர் ஓட்ட முடியாததால் ஆட்டோ. ஏறும்போது ஆறுமுகத்தாய் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் வனிதா நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு என்னாச்சு சார்?"

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். வீட்டம்மாவுக்கு வாங்குனது. நல்லா இருக்கான்னு போட்டுப் பாத்தேன்."

டாக்டர் புதிதாக எடுத்த படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"முன்னால ஒட்டி இருந்த எலும்பு இப்ப ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கு. இந்தக் கை என்னம்மா வேலை பாத்துச்சு?"

"வழக்கமாப் பாக்குததுதான் டாக்டர்" என்றாள் ஆறுமுகத்தாய். "அதோட இவிய கையை விசாரிக்க ஆள் வந்துக்கிட்டே இருந்துச்சு. காபி குடுக்கணும்லா."

"இது இனிமே தானா சேராது. ஆபரேஷன் பண்ணி, பிளேட் வச்சு, ஸ்குரூ போட்டு முடுக்கணும்."

கரிசல் மண்ணில் கையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை இரண்டாவது தடவையும் தாமேதான் கீழே தள்ளியிருக்கிறோம் என்று கொம்பையாவுக்கு விளங்கியது. இந்தத் தடவை வேகத்தடைமேல் பழி போட முடியாது. இவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும், உடனே செய்ய வேண்டும், நல்லதாகச் செய்ய வேண்டும் என்று மனம் தவித்தது. தவித்த வேகத்தில் பெல்ட்டுக்குள் இருந்த வலது கை தானாக வெளியே வந்து, சட்டைப்பையிலிருந்த போனை எடுத்தது.

"டாக்டர், பிளேட்டுல எந்தக் கம்பெனி நல்லது? எத்தனை வகை இருக்கு?"

டாக்டர் வாய் திறப்பதற்குள் ஆறுமுகத்தாய் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அதையும் மொதல்ல இவியளுக்கு வச்சுப் பாத்துருங்க டாக்டர். நல்லா இருக்குன்னு சொன்னாவன்னா, பெறவு எனக்கு வைக்கலாம்."