உப்பு மீற்றரோடு கதைத்த நாள்

நான் சொன்னதை ஆமோதிக்கிற யாரையும் உடனே நம்பிவிடுவது என் பிறவிக்குணம். மனிதர்களோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருமுறை ஒரு மீற்றரையும் நம்பிவிட்டேன்.

அப்போது பேசாலைப் பக்கம் ஒரு கடலட்டைக் குஞ்சு வளர்ப்பு நிலையத்தில் எனக்கு ஆறுமாதத் தற்காலிக வேலை. தொட்டித் தண்ணீரின் உப்பை அளக்கும் மீற்றரைக் கணினியோடு இணைத்துக் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீடு. அதுவரை அங்கே என்னோடு வேலைசெய்த மெர்லின்தான் மணிக்கொரு தரம் மீற்றரைப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். (அவள் முன்னால் கெட்டிக்காரனாகத் தெரியவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. வேலையைவிடக் கொஞ்சம் கூடவே.)

மீற்றர் பழையது. பின்பக்கம் ஒன்பது ஊசி வைத்த சீரியல் இணைப்பு. பொருத்தமான வயர் மன்னார்க் கடைகளில் கிடைக்கவில்லை. இதென்ன பெரிய வேலை என்று நானே ஈயம் உருக்கி ஒன்றைச் செய்தேன். மாட்டிவிட்டு, கணினியில் 'ஹலோ' என்று தட்டினேன். திரையில் 'ஹலோ' என்று வந்தது. உடனே வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, மெசின் கதைக்குது!"

"என்ர அந்தோனியாரே!"

அம்மா அந்த நிமிடமே மெழுகுதிரியோடு கோவிலுக்குக் கிளம்பிவிட்டார். போகும் வழியில் கண்டவர்களிடமெல்லாம் மகனுக்கு வேலை நிரந்தரம் என்று சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்.

பத்து மணிக்கு முகாமையாளர் வந்தார். பின்னால், வேலைசெய்கிற எல்லோருமாக முழுக் கந்தோரும் வந்தது.

"எங்க தம்பி, உப்பு எவ்வளவு எண்டு கேளுங்கோ பாப்பம்."

'உப்பு எவ்வளவு?' என்று ஆங்கிலத்தில் தட்டினேன். 'உப்பு எவ்வளவு?' என்றது திரை.

"அது உங்களையெல்லோ கேக்குது?"

"கொஞ்சம் சூடேறோணும் சேர்," என்றேன். (கடவுள் மன்னிக்கவேண்டும்.)

சேர் பொறுமையிழந்து விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். 'நீ வேலை செய்கிறாயா?' என்று தட்டினார். கணினி என் முகத்துக்கு நேரே, 'நீ வேலை செய்கிறாயா?' என்று கேட்டது. கந்தோர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

மெர்லின் எழும்பி வந்து மீற்றரிலிருந்து வயரைக் கழற்றினாள்.

"இப்ப அடியுங்கோ."

அடித்தேன். அப்போதும் பதில் வந்தது.

"மீற்றர் அங்க கிடக்கு, வயர் என்ர கையில. காலமையில இருந்து ஆரோட கதைச்சனீங்கள்?"

வயரின் நுனியைத் திறந்து பார்த்தோம். அனுப்புகிற ஊசியும் வாங்குகிற ஊசியும் என் ஈயக் கட்டியில் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. தட்டியதெல்லாம் வயரின் நுனிவரை போய் எனக்கே திரும்பி வந்திருக்கிறது. எனக்கு நானே ஹலோ சொல்லியிருக்கிறேன்.

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஈயத்தைச் சுரண்டி, மெர்லின் வயரைப் பிடிக்க மறுபடி ஒட்டினேன். மீற்றரோடு வந்த புத்தகத்தை (முதல்முறையாக) திறந்து அதிலிருந்த கட்டளையைத் தட்டினேன். 'முப்பத்துநான்கு' என்று வந்தது. மெர்லினின் கொப்பியிலும் முப்பத்துநான்கு. சந்தோஷத்தில் துள்ளி எழும்பி, இருந்த கதிரையைத் தட்டி விழுத்தினேன். சேர் சிரிப்பு அடங்காமலே என் நிரந்தர நியமனக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார்.

இப்போதும் வீட்டில், "தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டால், மெர்லினும் மகளும் ஒரே குரலில், "தேத்தண்ணி இருக்கோ?" என்பார்கள். நானே போய் ஊற்றவேண்டும் என்று அர்த்தம். எனக்குக் கோபமே வருவதில்லை. ஏனென்றால், கடிதம் கிடைத்த அடுத்த மாதம் துணிவை வரவழைத்து, "என்னைக் கலியாணம் கட்டுவீங்களோ?" என்று அவளிடம் கேட்டேன்.

அவள் என்னை நேராகப் பார்த்து, "என்னைக் கலியாணம் கட்டுவீங்களோ?" என்றாள்.