ஊசி டப்பாவில் காய்ந்த ஆயில்

என் வாழ்க்கையில் நான் அடிக்கக் கை ஓங்கியது ஒரே ஒரு மனிதர் மேல்தான். மாமனார் மேல் ஓங்கியதில்லை, மேலதிகாரி மேல் ஓங்கியதில்லை, எடையில் கை வைத்த ரேஷன் கடைக்காரர் மேல்கூட ஓங்கியதில்லை. அவ்வளவு சாது. அப்பேர்ப்பட்ட என்னைச் சண்டைக்காரனாக்கிய புண்ணியவான், ஜவ்வாது மலையில் எங்கள் சுகாதார நிலையத்து ஜீப்பை ஓட்டிய டிரைவர் அம்பது. இத்தனை வருடம் கழித்தும் அந்த ஆளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பற்றிக்கொண்டுதான் வருகிறது. பேனா தானாக 'அவன்' என்றே ஓடுகிறது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அடித்து அடித்து 'அவர்' ஆக்கிக்கொண்டிருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. புதூர்நாட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பெயரைச் சொன்னால் அங்கிருந்து இப்போதும் சண்டைக்கு வருவார்கள், அதனால் வேண்டாம். அங்கே நான் கம்பவுண்டர். டாக்டர் என்று ஒருவர் பலகையில் மட்டும் இருந்தார். மற்றபடி நான், ஆயா சின்னபாப்பா, ஒரு கிழட்டு ஜீப், அதை ஓட்ட இந்த மனுஷன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். மலை முழுக்க அவர் அம்பதுதான்.

பெயர்க் காரணம் சொல்கிறேன். நான் வேலையில் சேர்ந்தபோது அந்த ஜீப் பெட்ரோல் குடித்ததைவிட ஆயில் குடித்தது அதிகம் என்று தோன்றும். திருப்பத்தூர் இறங்கி ஏறினால் ஒரு லிட்டர் காலி. இஞ்சினுக்குள் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்துவிட்டால் அந்த இடுக்கு வழியாக ஆயில் மேலே ஏறி எரிந்துவிடுமாம். பின்னால் வருவது நீலப்புகை. எங்கள் ஜீப் போன பாதையில் கோழிகள் அரை மணி நேரம் இருமும். புது ரிங் கேட்டு எழுதிய கடிதங்களுக்கு இலாகா பதிலே போடவில்லை. அனுப்பியதெல்லாம் முப்பதாம் நம்பர் ஆயில். நம்பர் கூடக் கூட ஆயில் கெட்டி, அதை நான் இவரிடம் வசவு வாங்கித்தான் தெரிந்துகொண்டேன்.

"இன்னா ஆயிலு சார் இது? கள்ளுத் தண்ணி மாதிரி கீது. தேஞ்ச இஞ்சினுக்கு இது நிக்குமா? தண்ணியா இருந்தா மேல ஏறிக்கும், கெட்டியா இருந்தாத்தான் ரிங்கு சந்துல குந்தும். இதுக்கு அம்பது ஊத்தணும் சார், அம்பது!"

முதலில் நாற்பது ஊற்றினார். புகை பாதியானது. உடனே தலைகால் புரியாமல் ஐம்பதுக்குத் தாவினார். திருப்பத்தூர் லாரி ஷெட்டுகளில் யார் யாரிடமோ சண்டை போட்டு டின் டின்னாகக் கொண்டு வந்தார். நிஜமாகவே புகை நின்றது. அதோடு என் நிம்மதியும் போனது, ஏனென்றால் அன்றிலிருந்து உலகத்தில் எதைப் பார்த்தாலும் அவருக்கு ஐம்பதுதான். சின்னபாப்பா மோர் கொடுத்தால், "இன்னாடீ இது, முப்பது நம்பரு?" நான் காப்பி போட்டால் டம்ளரைச் சாய்த்துப் பார்த்து, "ஒழுவுது சார்." ரகசியம் தங்காத ஆள் முப்பது. வாயைத் திறக்காத ஆள் நாற்பது. தன்னைப் போன்ற உத்தமர்கள் ஐம்பது. என் ஒல்லி உடம்பைப் பார்த்து, "நீ இருவது சார், உனக்கு மேல மேல ஊத்தி டாப்-அப் பண்ணிக்கினே இருக்கணும்" என்று நோயாளிகள் எதிரிலேயே சொல்வார். மருந்து வாங்க வந்த கிழவிகள்கூடச் சிரிப்பார்கள். எனக்கு எப்படி இருக்கும்?

இதுவரை பொறுத்துக்கொண்டேன். வம்பு வந்தது பனிக்காலத்தில்.

திருப்பத்தூர் வெயிலில் ஐம்பது நம்பர் ஆயில் சமர்த்தாக ஓடும். எங்கள் மலையில் மார்கழிக் காலையில் அது வெல்லப்பாகாக இறுகிவிடும். வண்டியைக் கிளப்ப ஜீப்பின் முன்னால் கம்பி போட்டுச் சுற்றினால் கம்பிதான் வளையும், இஞ்சின் அசையாது. "அப்போ பனிக்காலத்துக்கு மட்டும் நாப்பது ஊத்துய்யா" என்று நான் சொன்னேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது தோன்றும். ஆனால் கொண்ட கொள்கையை விடுவாரா?

"ஒரு தபா அம்பது பார்த்த இஞ்சினு சார் இது. கீழ எறக்குனா ரோஷப்படும்."

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அதை எந்த ஒர்க்‌ஷாப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். தினமும் சாயங்காலம் ஜீப்புக்கு அடியில் படுத்து, திருகாணியைக் கழற்றி, மொத்த ஆயிலையும் ஒரு மண்சட்டியில் பிடித்து, வண்டிக் கொட்டகையை ஒட்டிய தன் ஒற்றை அறைக்குக் கொண்டுபோய் அடுப்போரம் வைத்துவிடுவார். விடிந்ததும் அதைக் கதகதவென்று சுட வைத்து, பால் புட்டி ஊட்டுகிற மாதிரி ஜீப்புக்கு ஊற்றுவார். சட்டி சூடு ஆறுவதற்குள் வண்டி கிளம்பியாக வேண்டும். "சார், ஏறு, ஆயிலு ஆறுது!" என்று கத்துவார். பல் தேய்த்த நுரையோடு நான் ஜீப்பில் ஏறிய நாட்கள் உண்டு. வேட்டியைச் சரியாகக் கட்டாமல் ஏறிய நாளும் ஒன்று உண்டு, அதை விடுங்கள்.

ஒரு நாள் காலை, ஊசி போட்டுக்கொள்ள எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். ஊசி கொதிக்க வைக்கும் பெரிய எவர்சில்வர் டப்பாவைத் திறந்தேன். உள்ளே கன்னங்கரேலென்று ஆயில் மினுமினுத்தது. ஊசிகளெல்லாம் பக்கத்தில் ஒரு பழைய துணியில் கிடந்தன.

"யோவ் அம்பது!" என்று நான் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்ற இரண்டு பேர் ஊசியே வேண்டாம் என்று ஓடிவிட்டார்கள்.

வந்தார். கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. "சட்டி ஓட்டயாப் பூடுச்சி சார். ஏன் கத்துற? ஊசியும் இரும்பு, இஞ்சினும் இரும்பு. கொதிச்சா ரெண்டும் சுத்தந்தான?"

அப்போதுதான் கை ஓங்கினேன். அடிக்கவில்லை, சின்னபாப்பா குறுக்கே புகுந்துவிட்டாள். மூன்று நாள் சோடா உப்புப் போட்டுத் தேய்த்தும் அந்த டப்பாவில் ஆயில் வாடை போகவில்லை. மூன்று நாளும் ஊசி கிடையாது, மலை முழுக்க எனக்குத்தான் திட்டு.

அந்த ஆத்திரத்தில் ஒரு காரியம் செய்தேன். இந்த ஜீப் ஆயில் குடித்தே அரசாங்கத்தை அழிக்கிறது, இதை இனி ஓடாத வண்டி என்று கண்டம் செய்து ஏலத்துக்குத் தள்ளிவிட்டுப் புது ஜீப் அனுப்புங்கள் என்று மேலே காரசாரமாக எழுதிப் போட்டேன். எழுதி முடித்ததும் நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது.

பத்துப் பதினைந்து நாளில் வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி ஒருவர் வந்து, பாரஸ்ட் பங்களாவில் தங்கினார். மறுநாள் காலை ஏழு மணிக்குச் சோதனை. அவர் வந்த பிறகுதான் ஜீப் கிளம்பி, எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் செங்குத்து மேட்டில் புகையில்லாமல் ஏற வேண்டும். ஏறாவிட்டால் கண்டம். அம்பது விடியற்காலையிலேயே எழுந்து, புதுச் சட்டியில் ஆயிலைச் சுட வைத்து, ஊற்றிவிட்டு, ஜீப்பின் மூக்கில் ஒரு கோணிப்பையையும் போர்த்தி நின்றார்.

ஏழு மணிக்கு அதிகாரி வந்தார். வந்தவர் நேராக ஜீப்பிடம் போகவில்லை. "முதல்ல டிபன்" என்று உள்ளே வந்து உட்கார்ந்தார். சின்னபாப்பா சாமை உப்புமா கொண்டு வந்து வைத்தாள். அவர் ஒவ்வொரு பருக்கையாக நலம் விசாரித்துச் சாப்பிட்டார். ஜன்னலுக்கு வெளியே அம்பது இஞ்சினைத் தொட்டுப் பார்ப்பதும் உள்ளே எட்டிப் பார்ப்பதுமாகத் தவித்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் வாசலில் வந்து நின்று கத்தினார்.

"துன்னது போதும், எயுந்துரு சார்! ஆயிலு ஆறுது!"

அதிகாரி முகம் சிவந்துவிட்டது. வேண்டுமென்றே இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே, "சார், புது ஜீப் எப்போ வரும்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"புதுசா? யாருய்யா சொன்னது? இதை எடுத்துட்டா அவ்வளவுதான். இந்தக் காட்டுக்கு எதுக்கு ஜீப்பு? இத்தனை காலம் இவங்க என்ன பறந்தா போனாங்க?"

பரிமாறிக்கொண்டிருந்த சின்னபாப்பாவின் கரண்டி நின்றது. அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள். "எங்க அக்காவுக்குப் புள்ள தலை திரும்பிக்கிச்சி சார். ஜீப்பு இல்லாத காலம். டோலி கட்டித் தூக்கினு போனாங்க. பாதி மலையிலயே திருப்பித் தூக்கினு வந்துட்டாங்க."

கோபம் அம்பதை விட்டு இறங்கி, உப்புமா தின்னும் ஆளிடம் போய், அங்கிருந்து என்னிடமே வந்து நின்றது. அட மடையா, புத்தி கெட்டவனே, என்ன காரியம் செய்திருக்கிறாய்!

அதிகாரி கை கழுவிவிட்டு வந்தபோது எட்டு மணி. அம்பது கம்பியைப் போட்டு முழு உடம்பையும் கொடுத்துச் சுற்றினார். அசையவில்லை. மூன்றாவது தடவை கம்பி எகிறி அவர் மணிக்கட்டில் அடித்தது. "பார்த்தாச்சு" என்றார் அதிகாரி. ரிப்போர்ட் எழுத உள்ளே போனார்.

அம்பது தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு இன்னும் கோபம் ஏறியது.

"இன்னாய்யா குந்திக்கினு கீற? திருகாணியக் கழட்டு!"

"சட்டி சின்னது சார். அடுப்பு அணைஞ்சிடுச்சி. மறுபடி காயறதுக்குள்ள அந்தாளு ரிப்போர்ட்ட எயுதிடுவாரு."

நான் உள்ளே போனேன். ஊசி டப்பாவைத் தூக்கினேன். மண்ணெண்ணெய் ஸ்டவ்வை இன்னொரு கையில் எடுத்தேன். கொண்டுவந்து அவர் எதிரில் வைத்தேன்.

அம்பது பதறிப்போனார். "ஐயையோ, வேணாம் சார்! அது ஊசி டப்பா!"

"தெரியும். ஊத்து!"

"எட்டுப் பேரு நின்னாங்களே சார் அன்னிக்கு…"

"ஊத்துய்யான்னா!"

இரண்டு தவணையாக ஆயிலைக் காய்ச்சினோம். நான் ஸ்டவ்வுக்குக் காற்றடித்தேன், அவர் துணி சுற்றித் தூக்கி ஊற்றினார். உள்ளே சின்னபாப்பா அதிகாரியை எழுத விடவில்லை. மலைத்தேன் ஒரு கிண்ணம், அதற்குத் தொட்டுக்கொள்ளத் தினைமாவு, பிறகு காப்பி, காப்பி ஆறிவிட்டது என்று இன்னொரு காப்பி. மனுஷன் பேனா மூடியைக் கழற்றியவர் கழற்றியபடியே தின்றுகொண்டிருந்தார்.

ஜீப் உறுமிய சத்தம் கேட்டு அதிகாரி வெளியே ஓடிவந்தார். மேட்டில் ஏறினோம். அவர் கழுத்தை ஒடித்துக்கொண்டு பின்னால் பார்த்தபடியே வந்தார். புகை இல்லை. உச்சிக்குப் போனதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, இன்னும் ஒரு வருடம் ஓடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருடமும் அப்படியே, அதற்கடுத்த வருடமும் அப்படியே. சின்னபாப்பாவின் தம்பி மனைவிக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது அந்த ஜீப்பில் போய்த்தான்.

சோதனை நடந்த அன்று சாயங்காலம் அம்பதிடம் உண்மையைச் சொல்லிவிட நினைத்தேன். "அம்பது, மேலே லெட்டர் போட்டது…"

"நீதான். அந்த லெட்டர திருப்பத்தூர்ல கொண்டுபோய்க் குடுத்ததே நான்தான சார்? அங்க பிரிச்சிப் படிச்சிச் சிரிச்சானுங்க. கேட்டுக்கினுதான் நின்னேன்."

"வழியிலேயே கிழிச்சுப் போட்டிருக்கலாமே!"

"கவர்மெண்டு தபால கிழிச்சா வேல பூடும். நான் பூட்டா என் ஜீப்புக்கு எவன் ஆயிலு காச்சுவான்? நீயா?" என்று எரிந்து விழுந்தார். பிறகு டப்பாவைப் பார்த்து, "சோடா உப்பு வாங்கியாந்து வெச்சிக்கீறேன். தேச்சிக்க" என்றார்.

நாலு வருடத்தில் எனக்குக் கலசப்பாக்கத்துக்கு மாற்றல் வந்தது. பெட்டி படுக்கையோடு என்னைத் திருப்பத்தூர் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டது அவர்தான். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார். கீழ்நாட்டுக்காரனெல்லாம் முப்பது நம்பர், நாலு வருடத்தில் ஒழுகிப் போய்விடுகிறான் என்றார். இறங்கி நின்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன் ஜீப்புப் புகைய்யா, கண்ணெல்லாம் எரியுது" என்றேன்.

வந்ததே கோபம் அவருக்கு!

"இன்னா சார் சொல்ற? என் வண்டியில புகையா? அம்பது ஊத்துன வண்டியிலயா? இரு, பார்த்துட்டு வர்றேன்!"

கதவை அறைந்து சாத்திவிட்டு ஜீப்புக்குப் பின்னால் போனார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. துளிப் புகைகூட இல்லை. நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. என் பஸ் வந்து, பெட்டியை ஏற்றி, நான் ஏறி உட்கார்ந்து, பஸ் நகரும் வரைக்கும் அவர் ஜீப்புக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே இல்லை.