லேப்டாப்புக்குப் பொட்டு வைத்த தாய்மாமா

எனக்குக் கோபம் வரும். சும்மா வராது, யாராவது வரவழைத்தால்தான் வரும். அந்த வேலையைப் பார்ப்பதற்கென்றே எனக்கு ஒரு தாய்மாமா இருக்கிறார். செல்லூரில் விசைத்தறி வைத்திருப்பவர். எனக்குக் காது குத்தும்போது மடியில் உட்கார வைத்தவர் என்ற ஒரே தகுதியில், அதற்குப் பிறகு எனக்கென்று வாங்கிய மிக்சி, கிரைண்டர், பீரோ எல்லாவற்றையும் அவரே தேர்ந்தெடுத்தார். (மாப்பிள்ளையையும்தான். அதைப் பற்றி இங்கே வேண்டாம், அவரும் இதைப் படிப்பார்.)

கல்யாணத்துக்கு முன்னால் நான் கணக்கு டீச்சர். மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். கொஞ்ச நாளைக்குத்தானே என்றார்கள். மகளே பள்ளிக்கூடம் போகத் தொடங்கியும் அந்தக் கொஞ்ச நாள் முடியவில்லை. அப்போதுதான் ஆன்லைனில் பாடம் நடத்தும் ஒரு கம்பெனி என்னை அழைத்தது. திங்கட்கிழமை காலை ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் வேலை. வீட்டிலிருந்தே, என் பேரில் சம்பளம். 'என் பேரில்' என்பதை மட்டும் மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

லேப்டாப் இல்லை. கையில் இருந்த சேமிப்புக்குள் வாங்க வேண்டும், வாங்கினால் நாள்பட உழைக்க வேண்டும். ஆகவே படித்தேன். பேட்டரி நின்று பேச வேண்டும். மெமரியைப் பின்னால் கூட்டிக்கொள்ள வழி இருக்க வேண்டும். மூடித் திறக்கும் கீல் ஆடக் கூடாது. கெட்டுப்போனால் மதுரையிலேயே சர்வீஸ் சென்டர் வேண்டும். பல்கலைக்கழகப் பரீட்சைக்குக்கூட நான் இப்படிப் படித்ததில்லை. கடைசியில் ஒரே ஒரு மாடலைத் தேர்ந்தெடுத்தும் விட்டேன்.

இதை அம்மாவிடம் போனில் சொன்னதுதான் வினை. சனிக்கிழமை நானும் கணவரும் கிளம்பும்போது, தல்லாகுளத்தில் எங்கள் வீட்டு வாசலில் மாமாவின் வண்டி வந்து நின்றது.

"ஏத்தா செல்வி, தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், நீ பாட்டுக்குக் கடைக்குக் கெளம்பிட்டியாம்ல?"

"நான் எல்லாம் பாத்து வச்சுட்டேன் மாமா. போயி வாங்குறது மட்டுந்தான் பாக்கி."

"வெல யாரு பேசுவா?"

"அது போட்ட வெலதான் மாமா."

"போட்ட வெலைக்கு வாங்கிட்டு வாரதுக்கு மதுரையில எதுக்குப் பொறக்கணும்?"

கடையில் விற்பனைப் பையன் என்னைப் பார்க்கவே இல்லை. நேரே மாமாவைப் பார்த்து, "என்ன யூஸுக்கு சார்?" என்றான்.

"எம் மருமகளுக்கு. வீட்ல சும்மாத்தான் இருக்கு. பொழுது போகணும்ல."

சும்மாவா? சமைத்து, துவைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, நடுவில் லேப்டாப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்தவள் சும்மாவா இருக்கிறாள்? பல்லைக் கடித்துக்கொண்டேன். மாமா அதற்குள் ஒவ்வொரு லேப்டாப்பாகக் கையில் தூக்கி எடை பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் தேர்ந்தெடுத்ததைத் தூக்கியதும் முகத்தைச் சுளித்தார்.

"என்னத்தா இது, அப்பளமாட்டம் இருக்கு? ஏப்பா, கனமா ஒண்ணு எடு. எங்க தறிய வந்து பாரு, எங்கப்பா போட்டது. கனமா இருக்கப் போயித்தான் இன்னைக்கும் ஓடுது."

பையன் ஒரு மூலையிலிருந்து எதையோ தூக்க மாட்டாமல் தூக்கி வந்தான். எப்போதோ வந்த மாடல். விற்காமல் கிடந்தது. மாமா அதை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். "சார் கரெக்டாச் சொல்றாரு, செம ஸ்ட்ராங்" என்றான் அந்தப் படுபாவி. அப்புறம்தான் நான் ஒருத்தி நிற்பது அவனுக்கு ஞாபகம் வந்தது.

"மேடம், உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?"

அவ்வளவுதான்.

"கலரா? இதோட பேட்டரி எம்புட்டு நேரம் நிக்கும், சொல்லு. மெமரிய கூட்ட முடியுமா? முடியாதுல்ல? பெறகு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு என்கிட்ட வந்து கலரக் கேக்குற?"

என் கணவர் திரும்பி நின்று, சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் குப்பியில் எழுதியிருந்ததை அக்கறையாகப் படிக்கத் தொடங்கினார். நான் நினைத்த லேப்டாப்பையே வாங்கினேன். (மாமா ஒரு பையும் ஒரு மவுசும் ஒரு காலண்டரும் இலவசமாகக் கேட்டு வாங்கினார். அது பெப்ரவரி மாதம்.)

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எல்லாவற்றையும் சரிபார்த்தேன். காமிராவில் என் முகம் பரு முதற்கொண்டு பளிச்சென்று தெரிந்தது. தூசி, சூடு, கரண்ட் கட் என்று லேப்டாப்புக்கு வரக்கூடிய எல்லா ஆபத்தையும் யோசித்து வைத்திருந்தேன். மாமா என்ற ஆபத்தைப் பற்றி எந்த இணையதளமும் எழுதியிருக்கவில்லை.

திங்கள் காலை அவர் மறுபடி வந்தார். முதல் பஸ்ஸில் அழகர்கோவில் போய், கருப்பசாமி சந்நிதியிலிருந்து சந்தனமும் குங்குமமும் வாங்கி வந்திருந்தார். புதுப் பொருளுக்குத் தாய்மாமன் பொட்டு வைக்க வேண்டாமா? நான் உள்ளே சேலை மாற்றிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது லேப்டாப்பின் மூடியில் சந்தனப் பட்டை. திறந்திருந்த திரைக்கு மேலே, நட்ட நடுவில், சந்தனம் அப்பி அதன்மேல் வட்டமாகக் குங்குமம். நான் என்ன செய்தேன் தெரியுமா? பதற்றத்தில் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். (படித்தது எம்.எஸ்.சி.)

திரையில் மூன்று பேர் வந்தார்கள்.

"மேடம், வீடியோவ ஆன் பண்ணுங்க."

"ஆன்லதான் சார் இருக்கு."

"ஒரே இருட்டா இருக்கே?"

அந்தக் கடைக்காரனை உண்டு இல்லை என்று பண்ணிவிட வேண்டும் என்று நிமிர்ந்தவள், அப்போதுதான் பொட்டு இருந்த இடத்தைப் பார்த்தேன். ஐயோ! சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தேன். சந்தனம் கண்ணாடி முழுக்க இழுபட்டது.

"இப்ப மஞ்சளா இருக்கு மேடம்."

நான் பின்னால் திரும்பினேன். மாமா கைகட்டிப் பெருமையாக நின்றுகொண்டிருந்தார்.

"காமிராவுல எதுக்கு மாமா வச்சீங்க?"

"உச்சியில நடுவுல இருந்துச்சு, நெத்தியாட்டம். அதான் வாகா வச்சேன்."

"அது நெத்தி இல்ல மாமா, கண்ணு! கண்ணுல சந்தனத்த அப்பிட்டு நிக்கிறீங்களே! கடையில வந்து மானத்த வாங்குனது பத்தாதா? காது குத்துறப்ப ஒரு நாளு மடியில உக்கார வச்சீங்க. அதுக்காகக் காலம்பூரா என் தலையில ஏறி உக்காந்துக்கிருவீங்களா?"

மாமாவுக்கு முகம் செத்துப்போனது. அப்போது லேப்டாப்புக்குள்ளிருந்து ஒரு குரல், மிகவும் மரியாதையாக, "மேடம், எங்களுக்கு எல்லாம் கேக்குது" என்றது.

மைக்கில் பொட்டு வைக்கவில்லை.

அந்த மஞ்சள் மூட்டத்துக்குள்ளிருந்தே பின்னப் பாடத்தை நடத்தி முடித்தேன். மத்தியானம் பதில் வந்தது. பாட அறிவு மிகச் சிறப்பு, ஆனால் பிள்ளைகளைக் கையாளப் பொறுமை போதாது என்று நினைக்கிறார்களாம். பொறுமை! என் மாமாவோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளிடம் பொறுமை இல்லையாம்! அடுப்படியில் நின்று அழுதேன். மாமா சாப்பிடாமலே கிளம்பிப் போனார்.

மன்னிப்பெல்லாம் அவர் கேட்கவில்லை. செல்லூரில் தன் தெரு முழுக்கப் போய், "எம் மருமக மாதிரி கணக்குச் சொல்லித் தர ஆளே இல்ல" என்று தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் என் ஆன்லைன் டியூஷனில் சேர்த்துவிட்டார். அதிலிருந்து ஒருவர் சொல்லி ஒருவராக வந்து, இன்று என் பேரில் சம்பளம் வருகிறது. அதே லேப்டாப்தான். பேட்டரி நிற்கிறது, கீல் ஆடவில்லை, மெமரியையும் கூட்டிவிட்டேன். நான் படித்துத் தேர்ந்தெடுத்தது. ஆனால் ஊரெல்லாம் மாமா என்ன சொல்லிக்கொண்டு திரிகிறார்? "இம்புட்டு வருசமா ஓடுதுன்னா, அம்புட்டும் அன்னைக்கு நான் வச்ச பொட்டுதான்!" ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சந்தனத்தோடு வந்துவிடுகிறார். அவர் வைத்து முடிக்கும்வரை நான் காமிராவைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு நிற்கிறேன்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், கல்லூரியில் சேரப்போகும் உறவுக்காரப் பையன் ஒருவன், "என்ன லேப்டாப் வாங்கலாம்க்கா?" என்று என்னைக் கேட்டான். நான் பேட்டரியில் ஆரம்பித்தேன். பக்கத்து இலையிலிருந்து மாமா குறுக்கே பாய்ந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும் மாப்ள. மொதல்ல கண்ணு எங்கன இருக்குன்னு பாரு. அதுக்குப் பக்கத்துல பொட்டு வைக்கத் தோதா எடம் இருக்கான்னு பாத்து வாங்கு."

பந்தியே சிரித்தது. அந்தப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. போனை எடுத்து, இதைத்தான் முதலில் குறித்துக்கொண்டான்.