எனக்கு விழுந்த ஒரே வோட்டு

வோட்டுப் போடுவதால் ஏதாவது நடக்குமா என்று யாராவது என்னிடம் கேட்டால், என் வீட்டில் உள்ளவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். எல்லாம் சிரிப்பை அடக்கத்தான். நடக்கும் ஐயா, நடக்கும்! ஒழுங்காகப் போட்டால் என்ன நடக்கும் என்பது எனக்கு அவ்வளவாகத் தெரியாது. தப்பாகப் போட்டால் என்னவெல்லாம் நடக்கும் என்பதை என்னைப்போல் அனுபவித்தவர் பாளையங்கோட்டையில் கிடையாது.

ஐரோப்பாவில் பெரிய சண்டை தொடங்குவதற்குச் சில வருஷம் முந்திய கதை இது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அப்போதெல்லாம் முனிசிபல் தேர்தலில் சொந்த வீட்டுக்கு வரி கட்டுகிறவருக்கு மட்டுந்தான் வோட்டு. எங்கள் தெருவில் மற்ற எல்லோரும் வாடகைக்குக் குடியிருந்தவர்கள். எங்கள் அப்பா காலமாகி வீடு என் பெயருக்கு வந்ததும், அந்தத் தெருவுக்கே நான் ஒருத்தன்தான் வோட்டர் ஆகிவிட்டேன். (தேர்தலுக்கு முந்திய அந்த ஒரு மாதம் நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். கலெக்டர்கூட அப்படி நடக்கமாட்டார்.)

தெருவில் கிணறு கிடையாது. பாளையங்கால்வாயில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கவலை இல்லை. கோடையில் கால்வாயை அடைத்துவிட்டால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு, வண்ணார்பேட்டை வரைக்கும் போகவேண்டும். தேர்தலுக்கு நின்றவர்கள் இரண்டு பேர். வக்கீல் சங்கரலிங்கம், "ஜெயிச்சா தெருவுக்குக் கிணறு வெட்டித் தாரேன்" என்று வந்து சொல்லிவிட்டுப் போனார். நெல் மண்டி வைத்திருந்த பேச்சிமுத்து அண்ணாச்சி எங்கள் தெருப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே ஒரு வோட்டுக்காக யார் அவ்வளவு தூரம் நடப்பது?

அந்த ஒரு வோட்டை என் மனைவி நேசம் கையில் எடுத்துக்கொண்டாள். தெருப் பெண்களெல்லாம் அவளிடம்தான் வந்து முறையிட்டார்கள். பக்கத்து வீட்டு மூக்கம்மாள், "வாத்தியாரய்யா, எங்க இடுப்பெல்லாம் ஒங்க ஒத்த நாக்கை நம்பித்தான் இருக்கு" என்றாள். அவள் சொன்னது நிஜம். அன்று எங்கள் ஊரில் பெட்டியும் இல்லை, சீட்டும் இல்லை. தாசில்தார் முன்னால் போய் நின்று, இன்னாருக்கு என் வோட்டு என்று வாயால் சொல்லவேண்டும். அவர் எழுதிக்கொள்வார்.

எனக்கோ பெரிய மனிதர்களைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அது தெரிந்த நேசம் என்னைப் பழக்கினாள்.

"பேரு கேப்பாக. என்ன சொல்லுவீக?"

"சங்கரலிங்கம்."

"சத்தமா."

"சங்கரலிங்கம்!"

"அவ்வளவுதான். வேற ஒண்ணும் பேசாதீக."

தேர்தல் அன்று கோட்டு, தலைப்பாகை, புது வேட்டி. தெருவே கூடி வழியனுப்பியது. மூக்கம்மாள் கண் கலங்கினாள். எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருந்தது. மறந்துவிடக் கூடாதே என்று வழி நெடுக "சங்கரலிங்கம், சங்கரலிங்கம்" என்று உருப்போட்டுக்கொண்டே நடந்தேன். வேதக்கோவில் வாசலில் எங்கள் பாதிரியார் நின்றுகொண்டிருந்தார். நான் கவனிக்கவில்லை. அவர் கவனித்துவிட்டார்.

"ஞானமுத்து! என்ன இது? எப்போதிருந்து வேதம் மாறினீர்?" என்றார்.

"இது சாமி இல்லை ஐயா, வக்கீல்!" என்று கத்திவிட்டு ஓடினேன்.

முனிசிபல் ஆபீஸில் தாசில்தார் நடு மேஜையில். ஒரு பக்கம் வக்கீல், மறுபக்கம் மண்டி அண்ணாச்சி. சுற்றி ஊரில் உள்ள தலைப்பாகை அத்தனையும். என் முறை வந்தது. தாசில்தார் நிமிர்ந்து பார்த்தார்.

"பேரு?"

"சங்கரலிங்கம்!" என்றேன். ஜன்னல் கம்பி அதிர்ந்திருக்கும்.

தாசில்தார் என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த வக்கீலைப் பார்த்தார். "சங்கரலிங்கம் இங்கன உக்காந்திருக்காரே. நீரு யாருவே? அடுத்தவன் பேர்ல வோட்டுப் போட வந்தீரா? ஜெயில் தெரியுமா?"

கொல்லென்று ஒரு சிரிப்பு. ஜெயில் என்ற சொல்லோடு என் காது அடைத்துவிட்டது. உன் பேரைச் சொல் மடையா, உன் பேரைச் சொல் என்று எனக்குள்ளேயே போராடிக்கொண்டிருந்தேன். அதற்குள் பக்கத்தில் இருந்த குமாஸ்தா, "எசமான், இவரு ஞானமுத்து வாத்தியாரு. எனக்குத் தெரிஞ்சவருதான்" என்று சொல்லி முடித்துவிட்டார். தாசில்தாரும் சமாதானமாகி, "சரி, வோட்டு யாருக்கு?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகு பிறர் சொல்லித் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒட்டியிருந்த நாக்கு பட்டென்று விட்டதுதான்.

"ஞானமுத்து!" என்று முழங்கினேன்.

இந்தத் தடவை தாசில்தாரே சிரித்துவிட்டார். "இல்லை எசமான், நான் சொல்ல வந்தது..." என்று ஆரம்பித்தேன். மண்டி அண்ணாச்சி எழுந்து, "சொன்னது சொன்னதுதான். எழுதுங்க" என்றார். எழுதிவிட்டார்கள்.

சாயங்காலம் முடிவை வாசித்தார்கள். வக்கீலுக்கும் மண்டி அண்ணாச்சிக்கும் சரிசமம். "தேர்தலில் நிற்காத ஞானமுத்துவுக்கு ஒன்று" என்று தாசில்தார் வாசித்தபோது, வக்கீல் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. இரண்டு பெயரையும் எழுதி, தாசில்தாரின் தொப்பியில் போட்டுக் குலுக்கினார்கள். பேச்சிமுத்து அண்ணாச்சி பெயர் வந்தது.

வீட்டு வாசலில் தெருவே காத்திருந்தது. எனக்கு முன்பே செய்தி வந்து சேர்ந்திருந்தது. நேசம் உள்ளே போய்க் குடத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

"கவுன்சிலரய்யா, ஒங்களுக்கு நீங்களே போட்டுக்கிட்டீகளாமே. அப்பம் தண்ணியும் நீங்களே கொண்டாங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அந்தக் கோடை முழுக்க, பள்ளிக்கூடம் போகுமுன் வண்ணார்பேட்டை ஆற்றுக்கும் வீட்டுக்கும் குடத்தோடு நடந்தேன். முதல் குடத்திலேயே தோள் கழன்றது. இதை இந்தப் பெண்கள் எப்படித்தான் தினமும் பேசிச் சிரித்துக்கொண்டே சுமந்தார்கள்! ஒருநாள் பாதி வழியில் ஒரு வில்வண்டி பைய வந்து நின்றது. உள்ளே பேச்சிமுத்து அண்ணாச்சி.

"என்னவே வாத்தியாரே, கோட்டும் குடமுமா! ஏறும் வண்டியில."

குடத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். வண்டி நகர்ந்ததும் அவர் என் குடத்தையே பார்த்தார். பிறகு கேட்டார்:

"அன்னைக்கு நீரு பதறாமச் சொல்லியிருந்தா, நான் தோத்திருப்பேன் இல்லியா?"

"ஆமா அண்ணாச்சி."

"அதை நெனச்சா எனக்கு இன்னும் தூக்கம் வரலைவே. அடுத்த தடவையும் நீரு பதறுவீரா?"

இத்தனை நாள் குடம் சுமந்த தோள் பதில் சொன்னது. "பதறமாட்டேன் அண்ணாச்சி. என் பொஞ்சாதி கூடவே வந்து ஜன்னல் பக்கம் நிப்பா."

அண்ணாச்சி வெளியே ஆற்றைப் பார்த்தபடி, "கிணறு எந்த இடத்துல வேணும்னு அந்தப் பொம்பளையாள்கிட்டக் கேட்டு வையும்" என்றார்.

அடுத்த மழைக்கு முன்னால் கிணறு வெட்டியாகிவிட்டது! நல்ல தண்ணீர். முதல் வாளி மேலே வந்ததும் மூக்கம்மாள் அதை அப்படியே என் தலையில் ஊற்றினாள். தெருப் பெண்கள் குலவை போட்டார்கள். வக்கீல் ஜெயித்திருந்தால் வெட்டியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஜெயித்தவரை நடுங்க வைத்தது, ஒருத்தன் போடத் தவறிய வோட்டு. இதை நான் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தால் நேசம், "பெருமை பெரிசா இருக்கு" என்று உள்ளே போய்விடுவாள்.

சண்டை முடிந்து சில வருஷத்தில், வரி கட்டும் பெண்களும் வோட்டுப் போடலாம் என்றார்கள். செய்தி வந்த மறுவாரமே நேசம் என்னைக் கையோடு ரிஜிஸ்தர் ஆபீஸுக்குக் கூட்டிப்போய் வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள். வீட்டோடு வோட்டும் போயிற்று. தேர்தல் அன்று நான் வாசலில் செருப்புக்குக் காவல் நின்றேன். உள்ளே போனவள், நான் மூக்கைத் துடைத்து முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டாள்.

"யாருக்குச் சொன்ன?" என்றேன்.

"சொல்ல வேண்டிய எடத்துல சொல்லியாச்சு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

இன்றும் என் வீட்டில் எதைக் கேட்டாலும் எனக்குக் கிடைக்கும் பதில் இதுதான். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டேன். "அம்மாகிட்டக் கேளுங்கப்பா. சொல்ல வேண்டிய எடத்துல சொல்லியாச்சு" என்றாள்.