எதைக் கேட்டாலும் எரிந்த பச்சை விளக்கு

ஒரு காட்டில், தர்க்கம் படித்த தேவாங்கு ஒன்று இருந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது நல்ல தேவாங்கு. அதனால் வயது ஏறிக்கொண்டே போனதே தவிர, ஆராய்ச்சி நிலையத்தில் வேலை நிரந்தரமாகவில்லை.

அது ஒரு யந்திரம் செய்திருந்தது. விதிகளைக் கொடுத்துவிட்டு ஏதாவது ஒன்றைக் கேட்டால், அந்த விதிகளின்படி அது சரிதானா என்று யந்திரம் தானே யோசிக்கும். நிரூபிக்க முடிந்தால் பச்சை விளக்கு, முடியாவிட்டால் சிவப்பு. கருத்தரங்குகளில் கிளிகள் தேவாங்கை வாயாரப் பாராட்டி, வடை கொடுத்து அனுப்பிவிடும்.

ஒருநாள் அமைச்சர் நரி காட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. "இதை உள்ள போட்டுப் பாரு. சரியா வந்தா உன் வேலை நிரந்தரம்."

போட்டுப் பார்த்த தேவாங்குக்குத் தலைகால் புரியவில்லை. "ஐயா, சட்டம் ஒண்ணுக்கொண்ணு இடிக்குது. குளத்துக்கு வந்தவங்களை யாருமே தொடக் கூடாதுன்னு ஒரு விதி. ராஜா யாரை வேணும்னாலும் எங்க வேணும்னாலும் தொடலாம்னு இன்னொரு விதி."

"இருந்துட்டுப் போகட்டும். அதனால என்ன?"

"விதிகள் முரண்பட்டா, அதை வெச்சு எதை வேணும்னாலும் நிரூபிச்சுடலாம் ஐயா. எதைக் கேட்டாலும் பச்சைதான் எரியும்."

"எதைக் கேட்டாலுமா?"

"நீங்க ஒரு பூசணிக்காய்னு சொன்னாக்கூட. ஒரு வரியைத் திருத்தினாப் போதும், சரியாயிடும்."

நரி நாற்காலியை இழுத்துப் போட்டது. "திருத்தவேண்டாம். நீங்க உட்காருங்க ஐயா." அதுவரை தேவாங்கை யாரும் ஐயா என்றதில்லை. அது உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் ராஜா சிங்கத்தின் முன் சபை கூடியது, குற்றவாளிக் கூண்டில் மான். குளத்தைக் கலக்கியது மான்தானா என்று நரி யந்திரத்திடம் கேட்டது. பச்சை எரிந்தது. சிங்கம் சப்புக்கொட்டியது.

"நான் கலக்கலைன்னும் ஒருவாட்டி கேளுங்களேன்," என்று மான் தேவாங்கைப் பார்த்துக் கெஞ்சியது.

கேட்டால் அதற்கும் பச்சை எரியும், குட்டு உடையும், மான் பிழைக்கும். தேவாங்கின் கை யந்திரத்தின் பக்கம் போனது. நரி மெல்லக் கனைத்துக்கொண்டு, "குவார்ட்டர்ஸ் உங்களுக்கு மாமரத்துலயா, பலாமரத்துலயா?" என்று கேட்டது.

"பலாமரம்," என்றது தேவாங்கு. கை மடிக்குத் திரும்பிவிட்டது.

இப்போது அது துறைத்தலைவர். சாப்பிட்டு முடித்ததும் யந்திரத்திடம், "நான் நல்லவன்தானே?" என்று தவறாமல் கேட்கும். பச்சை எரியும். அதைப் பார்த்துத்தான் நானும் முதலிலேயே அப்படிச் சொன்னேன்.

நீதி: பிழையைக் கண்டுபிடித்தவருக்கு வடை கிடைக்கும், கண்டுபிடித்தும் திருத்தாதவருக்கு வீடு கிடைக்கும்.