பூட்டுக்கடைக்காரருக்குக் கிடைத்த உபசாரம்

பூட்டுக்கடைக்காரரின் போன் ரொட்டி அடுப்பில் வெந்துகொண்டிருந்தது.

அன்று காலை அவருடைய கயாக், ஒற்றை ஆள் உட்காரும் அந்த ஒல்லிப் படகு, பாறையில் உரசிக் கவிழ்ந்ததில் போன் வயிறு முட்ட உப்புத்தண்ணீர் குடித்துவிட்டது. கரையில் ரொட்டிக்கடை வைத்திருந்த அம்மாள், "கொடுங்க, ஒரு நிமிஷத்துல காய வச்சுத் தரேன்" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது தட்டில் இருந்தது போன் இல்லை. ஓரம் கருகி நடுவில் உப்பிய ஏதோ ஒரு பண்டம்.

அந்த அம்மாள் பதறிப்போய் ஒரு பை நிறைய ரொட்டி கட்டிக் கொடுத்தார். பூட்டுக்கடைக்காரர் பதிலுக்கு ஒரு பித்தளைப் பூட்டை நீட்டினார். அவர் எதையும் சும்மா வாங்குகிற ஆள் இல்லை. சும்மா கொடுக்கிறவனைக் கண்டால் கல்லாப்பெட்டியை ஒரு தரம் இழுத்துப் பார்த்துக்கொள்வார். உலகத்தில் நம்பிக்கை பெருகினால் தன் தொழில் படுத்துவிடும் என்று தெரிந்தவர். வழியில் யாருக்கும் கடமைப்படக் கூடாதென்றே படகில் ஒரு மூட்டைப் பூட்டு ஏற்றியிருந்தார். கவிழ்ந்ததற்கு அந்த மூட்டையும் ஒரு காரணம்.

ஐம்பத்தெட்டு வயதில் இந்த வேண்டாத வேலை எதற்கு என்றால், தம்பிக்காக. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் கலங்கரை விளக்கத்து ஊர்வரை துடுப்புப் போட்டே போவதாகத் திட்டம் போட்டார்கள். கிளம்புகிற அன்று கடைக்குப் பெரிய ஆர்டர் வந்தது. "அடுத்த வாரம் போலாம்டா" என்றார் இவர். வெயில் ஏறும்வரை படகுத்துறையில் நின்ற தம்பி தனியாகப் போனான், அங்கேயே தங்கிவிட்டான், அதன்பிறகு பேசவில்லை.

போன வாரம் தம்பி மகள் பேசினாள். அப்பா படுத்த படுக்கையாம், மாதக் கடைசிவரைதான் தாக்குப்பிடிப்பார் என்று டாக்டர் சொல்கிறாராம். "அப்பா உங்களப் பாக்கணுங்கறாரு பெரியப்பா. ஆனா பஸ்ல வந்தா கதவைச் சாத்துங்கறாரு. துடுப்புப் போட்டுதான் வரணுமாம்."

எந்தக் கரையில் என்றைக்கு இறங்குவேன் என்று அவளுக்குப் பட்டியல் எழுதி அனுப்பிவிட்டுக் கிளம்பினார். கவிழ்ந்தது மூன்றாம் நாள்.

நாலாம் நாள் அடுத்த கரையில் ஒரு படகு மெக்கானிக் இவருக்காகவே காத்திருந்தான். "பூட்டுக்கடை ஐயா நீங்கதானே? முதல்ல சாப்பிடுங்க" என்று சோற்றை முன்னால் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இவர் ஒரு போன் பேச வேண்டும் என்றார். சிக்னல் இல்லையென்றான். சொல்லி வாய் மூடவில்லை, அவன் சட்டைப்பையில் போன் அடித்தது.

"அலாரங்க" என்றான் மெக்கானிக்.

இவர் மேற்கொண்டு கேட்பதற்குள் படகின் அடியில் கீறல் இருக்கிறது என்று கவிழ்த்துப் போட்டு, கேட்காமலே தாரைக் காய்ச்சி அப்பினான். அது காய ஒரு நாள் போயிற்று. பூட்டை நீட்டியதற்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். தார் ஒரு பக்கமாக இறுகிப்போனதில் படகு அன்றிலிருந்து இடப்பக்கமே இழுத்தது. அதை நேராக்க ஒரு பக்கமே துடுப்புப் போட்டதில் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம் கிளம்பிவிட்டது.

அதற்கடுத்த கரையில் ஒரு நர்ஸ் அம்மா நின்றிருந்தார். கையில் பஞ்சும் துணியும் தயார். அவர் சுற்றிய சுற்றில் கைகள் இரண்டும் தலையணை ஆகிவிட்டன. துடுப்பைப் பிடிக்க முடியவில்லை, கரண்டியையும் பிடிக்க முடியவில்லை. அவரே ஊட்டிவிட்டார். ஊட்டும்போது கண் கலங்கியது. என்னம்மா என்றதற்கு, மருந்து நெடி என்றார். ஆஸ்பத்திரி போனை இவர் கேட்டதற்கு, ரிப்பேர் என்றார். இரண்டு நாள் போயிற்று. பூட்டு திரும்பப் படகுக்கே வந்தது.

பிறகு மீன்பிடிக்காரர்கள் கடலுக்குள்ளேயே வந்து கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். முன்பக்க வளையம் பிய்ந்துகொண்டு வந்தது. அதைச் சரிசெய்ய ஒரு நாள். அவர்களில் மூத்தவர் இவர் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். முன்பின் தெரியாத ஆள் அப்படித் தோளைப் பிடித்தால் என்ன வேண்டும் என்று கேட்டுவிடுவதுதான் வியாபாரியின் பழக்கம். கேட்டார்.

"ஒண்ணும் வேணாங்க. நல்லா சாப்பிடுங்க" என்றார் அந்த ஆள்.

அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. பட்டியல் இருப்பது தம்பி வீட்டில். எல்லாக் கரையிலும் தன்னை எதிர்பார்த்து ஆள் நிற்கிறது. யாரும் போன் தரமாட்டேன் என்கிறார்கள். உபசாரம் செய்தே நாளைத் தின்கிறார்கள். எல்லாம் தம்பி ஏற்பாடு. அண்ணனை மறுபடியும் தாமதமாக்கி, "அப்பவும் வரலை, இப்பவும் வரலை" என்று சொல்லிக்காட்டப் பார்க்கிறான் பயல்.

கோபம் வரவேண்டிய இடம். அவருக்கு வந்தது சந்தோஷம். படுக்கையில் கிடந்துகொண்டு இத்தனை கரைக்கும் ஆள் ஏவ ஒருவனுக்குத் தெம்பிருக்கிறதென்றால் அவன் இப்போதைக்குச் சாகப்போவதில்லை. டாக்டர் கிடக்கிறார். நடுக்கடலில் தனியாகச் சிரித்தார். அன்றிலிருந்து எந்தக் கரையிலும் மல்லுக்கட்டவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார், விரித்ததில் படுத்தார், தம்பியிடம் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று துடுப்புக்கு ஒன்றாக யோசித்துக்கொண்டே போனார். வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த மூட்டைப் பூட்டு அவருக்கு வீண் சுமையாகத் தோன்றியது.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கையில் கலங்கரை விளக்கத்துப் படகுத்துறையில் இறங்கினார். அங்கே டிக்கெட் கிழிக்கிறவர் நாற்காலி போட்டு, துண்டு கொடுத்து, டீ கொண்டுவந்தார். சர்க்கரை போட்டதை மறந்து மறுபடியும் போட்டார்.

"போதும்ப்பா நடிப்பு" என்று சிரித்தார் பூட்டுக்கடைக்காரர். "உங்க எல்லாரையும் ஏவிவிட்டவன் எங்க? அண்ணன் இந்தத் தடவை டாக்டர் சொன்ன நாளுக்கு முன்னாடியே வந்துட்டான்னு போய்ச் சொல்லு."

டிக்கெட்காரர் தொப்பியைக் கழற்றினார். துறையின் கோடியைத் திரும்பிப் பார்த்தார். அங்கே பாறையும் தண்ணீரும்தான் இருந்தன.

"ஐயா, நீங்க போன் எடுக்கலைன்னு, மூணாவது நாளே எல்லாக் கரைக்கும் உங்க தம்பி பொண்ணு துக்கத் தகவல் சொல்லிருச்சு. 'பாவம், சாப்பிட்டுட்டுப் போகட்டும், அடுத்த கரையில சொல்லிக்குவாங்க'ன்னு ஒவ்வொருத்தரும் தள்ளிவிட்டுட்டாங்க. எனக்கு அப்புறம் கரை இல்லீங்க."