உப்புத் தண்ணீரில் போட்ட லில்லி விதை

தெரியாத விஷயங்களால் எனக்கு இதுவரை பெரிய கெடுதல் எதுவும் வந்ததில்லை. தெரியாது என்றால் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவேன். நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தால்தான் ஒரு வீட்டின் கடைசி லில்லியைக் கொன்றேன்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. கள்ளக்குறிச்சிப் பக்கம் நெல் வயலில் வேலை செய்துவிட்டு டெல்லிக்கு வந்தவன். ஜனக்புரியில் ஏழெட்டு வீடுகளுக்குத் தோட்டவேலை பார்க்கிறேன். பேச்சு அவ்வளவாக வராது. வேலை செய்யும் வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்கக் கூச்சப்பட்டு, செடிக்கு ஊற்றுகிற ரப்பர் குழாயிலேயே குடித்துவிடுகிற ஆள். (அந்தத் தண்ணீர் ஒன்றும் மோசமில்லை. மே மாதத்தில் மட்டும் டீ சூட்டில் வரும்.)

அந்த வீடுகளில் ஒன்று சாரதாம்மாவுடையது. அவர் கணவர் பாங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு அவர் வெறும் 'சார்'. வெள்ளை லில்லியின் மகரந்தத்தைச் சிவப்பு லில்லியில் தடவி, விதை எடுத்து, முளைக்கப் போட்டு, நாலு வருஷம் காத்திருந்து சார் ஒரு புதுச் செடி உண்டாக்கினார். பூ வெளிறிய ரோஸ் நிறம். ஓரத்தில் மட்டும் குங்குமக் கையால் தொட்டது போல ஒரு கோடு. அந்த முதல் பூவைத்தான் சார் பார்த்தார். அடுத்த வருஷம் பூத்தபோது அவர் இல்லை. பூ உதிர்ந்த கையோடு புழு விழுந்து கிழங்கைக் குடைந்து தின்றுவிட்டது. மிஞ்சியது இரண்டு காய்.

ஜனக்புரியில் செடி வளர்ப்பவர்கள் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பார்க்கில் கூடி விதை மாற்றிக்கொள்வார்கள். புல்லில் ஒரு பெட்ஷீட்டை விரித்து, பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர்களில் விதையைப் போட்டு வைத்திருப்பார்கள். அங்கே ஒரு வழக்கம். விதை வாங்குகிறவர் கடைசிவரை அதைக் கொடுத்தவர் பெயரைச் சேர்த்துத்தான் செடியைச் சொல்லவேண்டும். மல்ஹோத்ராஜி போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஏழு வீட்டில் இன்னும் 'மல்ஹோத்ராஜி பாப்பி' பூக்கிறது.

சாருக்கும் அப்படி ஆகவேண்டும் என்பது சாரதாம்மாவின் ஆசை. விதையிலிருந்து அதே நிறம் வருமோ வராதோ, பத்து வீட்டில் கொடுத்தால் ஒரு வீட்டிலாவது பிழைக்கும் என்றார். காய்களை என் கையில் வைத்து, "எனக்குக் கண் சரியில்லை முருகேசு. பதர் இருந்தா பொறுக்கிப் போட்டுட்டு, பத்துப் பொட்டலமா கட்டிண்டு வந்துடு" என்றார்.

பதர் பிரிப்பதா? அதில் என்னை மிஞ்ச ஜனக்புரியில் ஆள் கிடையாது.

நெல் விதைக்கு நாங்கள் என்ன செய்வோம்? தண்ணீரில் உப்புக் கரைத்து, முட்டை போட்டுப் பார்ப்போம். முட்டை மிதந்தால் உப்பு சரி. பிறகு விதையைக் கொட்டினால் பதர் மேலே வரும், மணி உள்ளது அடியில் தங்கும். மேலே வந்ததை அள்ளி வீசிவிட வேண்டும். லில்லி விதை கருகின அப்பளத் துண்டு போலத் தட்டையாக, லேசாக இருக்கும். நூற்றுக்கு மேல் இருந்தது. நான் பக்கெட்டில் உப்பைக் கரைத்து, முட்டையை மிதக்கவிட்டு, விதையைக் கொட்டினேன்.

"பூ விதையை எதுக்குங்க ஊறுகா போடுறீங்க?" என்றாள் என் மனைவி செல்வி. உனக்கென்ன தெரியும் என்பது போல ஒரு பார்வை பார்த்தேன். (வாழ்க்கையில் அப்படிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.)

எல்லாம் மிதந்தது. ஐந்து மட்டும் அடியில் போனது. பாவம் சாரதாம்மா, பூராவும் பதர் என்று வருத்தப்பட்டபடியே மிதந்ததை எல்லாம் வாசல் சாக்கடையில் கொட்டினேன். ஐந்தையும் கழுவித் துடைத்து ஐந்து பொட்டலம் கட்டினேன். முன்கூட்டியே போய் அவரிடம் சொல்லக் கூச்சம்.

பார்க்கில் சாரதாம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். சாரைப் பற்றி இந்தியில் நாலு வார்த்தை பேசினார். பத்துப் பேர் எதிரே நின்றார்கள். நான் கொடுத்த பையைத் திறந்தவர் இரண்டு முறை எண்ணினார்.

"மீதி எங்கே முருகேசு?"

"பதரையெல்லாம் எடுத்துட்டேம்மா. உப்புத் தண்ணியில போட்டேன். மெதந்ததைத் தூக்கிப் போட்டுட்டேன். நல்லது மட்டுந்தான் இருக்கு." நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. பெருமை.

விதை மாற்ற வந்து பக்கத்தில் நின்ற பல்பீர் சாப் என்ன விஷயம் என்று கேட்டார். சாரதாம்மா இந்தியில் சொன்னார். அவர் தன் துணிப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து என் முன்னால் நீட்டினார். பாதியளவு தண்ணீர். அதன்மேல் அவர் வீட்டு லில்லி விதைகள் மிதந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாக ஒரு வேர். லில்லியை இப்படித்தான் முளைக்கப் போடுவோம் பையா, நல்ல விதை மிதக்கும், என்றார். என் ஐந்து பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்தார். நாலு அழுகல். ஒன்று கறுப்புக் கல் சில்லு.

சாரதாம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பேட்டரி ரிக்‌ஷாகூடப் பிடிக்காமல் வீட்டுக்கு ஓடினேன். சாக்கடையில் முழங்கை வரை விட்டுத் துழாவினேன். என்ன தொலைந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். அந்த நிலையில் விதை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "சின்னதா ஒண்ணு" என்றேன். தெருவே அதைத் தங்கத் தோடு என்று முடிவு செய்துவிட்டது. கால் மணி நேரத்தில் ஒன்பது பேர் சாக்கடைக்குள். ஒருவர் கம்பியால் குத்தினார். ஒருவர் சல்லடை கொண்டுவந்தார். இரண்டு ஸ்பூன், ஒரு செருப்பு, எலியின் எலும்பு கிடைத்தன. மழைக்கு முன்னால் தூர் வாருகிறவர்கள் முந்தின நாளே வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிருந்தார்கள். அதைச் செல்வி சொல்லித்தான் எனக்கு ஞாபகம் வந்தது. ஒன்பது பேரும் செல்வியின் காதைப் பார்த்தார்கள். இரண்டு தோடும் இருந்தது.

மறுநாள் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்வார் என நினைத்துப் போனேன். சாரதாம்மா திட்டவில்லை. அந்த நாலு அழுகலையும் கல் சில்லையும் என் கையில் கொடுத்து, ஒரு தொட்டியில் போடச் சொன்னார். போட்டேன். முளைக்காது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

மூன்று வருஷம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் அந்த வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். எங்கள் வீட்டில் வீண்வேலை எல்லாவற்றுக்கும் இப்போது ஒரே பெயர்தான். கரண்ட் போன பிறகும் ஃபேன் சுவிட்சை யாராவது தட்டினால் செல்வி கேட்பாள்: "என்ன, தொட்டிக்குத் தண்ணி ஊத்துறியா?" என் மகள் அதை மாப்பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டாள். வேலைக்கு மனுப் போட்டுவிட்டு வந்து, "மாமா, நானும் ஊத்திட்டு வந்துட்டேன்" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும்தான்.

போன வாரம் அந்தத் தொட்டிக்கு ஊற்றாமல் தாண்டி அடுத்ததற்குப் போனேன். ஜன்னலுக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"முருகேசு, சாரை விட்டுட்டியே."

திரும்பிப் போய் ஊற்றினேன்.